அச்சம் விலகிய இடத்தில் ஆனந்தவனம்!

"குடும்பத்துக்காக நான் செய்த தியாகம் கொஞ்சமா நஞ்சமா?"

மும்பையில் வாழும் நம்மவர் வீடுகளில் இந்தக் கேள்வியைக் கேட்காத சுவர் இருக்காது. தாராவித் தோல் பட்டறையில் கை தேய உழைத்தவரும் கேட்டிருக்கிறார். மாட்டுங்காவிலிருந்து கோட்டைப் பகுதி அலுவலகத்துக்கு முப்பது ஆண்டுகள் மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போய்வந்த குமாஸ்தாவும் கேட்டிருக்கிறார். தங்கை கல்யாணம், தம்பி படிப்பு, அப்பாவின் கடன், ஊரில் ஓட்டு வீட்டை இடித்துக் கட்டிய மாடி வீடு... எல்லாம் முடிந்து நிமிர்ந்து பார்த்தால் தலை நரைத்துவிட்டது. தனக்கென்று என்ன மிச்சம் என்று மனம் கேட்கிறது. அந்தக் கேள்வியோடு ஒரு கசப்பும் சேர்ந்தே வருகிறது.

தியாகம் செய்தவனுக்குக் கசப்பு ஏன் வரவேண்டும்? அன்பினால் செய்த காரியம் என்றால் மனம் நிறைந்தல்லவா இருக்க வேண்டும்? அப்படியானால் கோளாறு எங்கே?

இதற்கு விடை தேடி வேதாந்த நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. நாம் பிழைக்க வந்த இதே மகாராஷ்டிர மாநிலத்தின் கிழக்குக் கோடியில் ஒரு மனிதர் வாழ்ந்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

சென்னையிலிருந்து டெல்லி செல்லும் ரயில் பாதையில், சந்திரபூரைத் தாண்டிய பிறகு வரோரா என்ற சிறிய ஊர் வரும். பல விரைவு வண்டிகள் அங்கே நிற்பதில்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் கடந்துவிடும். அந்த ஊரை ஒட்டித்தான் இருக்கிறது ஆனந்தவனம். அதை உருவாக்கியவர் பாபா ஆம்தே.

சீமான் வீட்டுப் பிள்ளை

'பாபா' என்றதும் காவி உடுத்த சாமியார் என்று எண்ணிவிட வேண்டாம். அது அவருடைய பெற்றோர் சிறுவயதில் இட்ட செல்லப் பெயர். இயற்பெயர் முரளீதர் தேவிதாஸ் ஆம்தே. 1914 டிசம்பர் 26-ல் வார்தா மாவட்டம் ஹிங்கன்காட்டில், நிலபுலன் நிறைந்த குடும்பத்தில் பிறந்தவர்.

வாலிப வயதில் அவருக்கு இல்லாத சுகம் இல்லை. சொந்த மோட்டார் கார் இருந்தது. காட்டில் வேட்டையாடத் துப்பாக்கி இருந்தது. சினிமா மோகமோ கேட்கவே வேண்டாம். ஆங்கிலப் பத்திரிகைக்குத் திரைப்பட விமர்சனம் எழுதினார். ஹாலிவுட் நடிகைகளுடன் கடிதப் போக்குவரத்துக்கூட வைத்திருந்தார்! சட்டம் படித்து வக்கீலாகவும் ஆனார். கை நிறைய வருமானம்.

ஆனால் மனம் நிறையவில்லை. நாள் முழுதும் வெயிலில் மண் வெட்டுபவனுக்குக் கிடைப்பது சில அணாக்கள். கோர்ட்டில் கால் மணி நேரம் பேசும் தனக்குக் கிடைப்பதோ அதைப்போலப் பல மடங்கு. இது என்ன நியாயம் என்ற கேள்வி அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. பக்கத்திலேயே சேவாகிராமத்தில் காந்தியடிகளின் ஆசிரமம். 1942-ல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் மூண்டபோது, கைதானவர்களுக்காக வாதாட முன்வந்தார்.

ஒருமுறை ரயிலில் ஒரு பெண்ணிடம் வெள்ளைச் சிப்பாய்கள் முறைகேடாக நடந்துகொள்ள, தனியாளாக நின்று தடுத்து அடி வாங்கினார் ஆம்தே. செய்தி கேட்ட காந்தியடிகள் அவருக்கு 'அபய சாதகர்' என்று பெயர் சூட்டினார். அச்சமின்மையை நோன்பாகக் கொண்டவர் என்று பொருள்.

அஞ்சாதவரைப் பிடித்த அச்சம்

அப்படிப் பெயர் பெற்றவரையே ஒருநாள் அச்சம் பிடித்து உலுக்கியது.

வரோரா நகராட்சியின் துணைத் தலைவராக இருந்தபோது துப்புரவுத் தொழிலாளர்கள் குறைகளைச் சொல்லிப் போராடினார்கள். "இந்த வேலையை நீங்கள் செய்து பாருங்கள், அப்போது தெரியும்" என்பது அவர்கள் வாதம். மற்றவராக இருந்தால் சிரித்து மழுப்பியிருப்பார். ஆம்தே கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். பல மாதங்கள் மலம் அள்ளும் வேலையைத் தாமே செய்தார்.

அந்த நாட்களில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு வேளையில், தெருவோரம் துணி மூட்டை போல ஏதோ கிடப்பதைக் கண்டார். உற்றுப் பார்த்தால், அது ஒரு மனிதன்! தொழுநோய் முற்றி, விரல்கள் அழிந்து, புண்ணில் புழு நெளிய, சாகும் தறுவாயில் கிடந்தான். பார்த்த மாத்திரத்தில் ஆம்தே திரும்பி ஓடினார். 'இந்த நோய் எனக்கும் தொற்றிவிட்டால்?' என்ற பயம்.

வீடு வந்தபின் வெட்கம் பிடுங்கித் தின்றது. திரும்பிப் போனார். மழை படாமல் அவன்மேல் ஒரு மறைப்பு அமைத்தார். தம் கையால் சோறு ஊட்டினார். அந்த மனிதன் இறந்துபோனான். பயம் மட்டும் இறக்கவில்லை. மாதக்கணக்கில் அவரை வாட்டியது. சிப்பாய்களைக் கண்டு அஞ்சாதவன் ஒரு நோயாளியைக் கண்டு ஓடினேன் என்றால் என் தைரியத்துக்கு என்ன அர்த்தம் என்று தம்மையே கேட்டுக்கொண்டார். அச்சம் உள்ள இடத்தில் அன்பு நிற்காது என்ற உண்மை அவருக்கு அங்கேதான் விளங்கியது.

தொழுநோயாளிகளுக்குத் தொண்டு செய்யலாம் என்று கருணையோடு அவர் புறப்படவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். தம்முடைய பயத்திலிருந்து தாம் விடுதலை பெறவே புறப்பட்டார். அந்த விடுதலைதான் பிறகு ஆயிரக்கணக்கானோருக்கு வாழ்வாக மாறியது.

உடலையே கொடுத்தார்

நோயைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் பயம் போகாது. வரோராவைச் சுற்றியிருந்த நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கத் தொடங்கினார். 1949-ல் கல்கத்தா சென்று வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தொழுநோய்ச் சிகிச்சையைக் கற்றார்.

தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டு ஹான்சன் 1873-லேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதைச் சோதனைச் சாலைக் குடுவையில் வளர்க்க முடிவதில்லை. அதனால் ஆராய்ச்சி தடைப்பட்டு நின்றது. "என் உடலில் செலுத்திப் பாருங்கள்" என்று முன்வந்தார் ஆம்தே. கிருமி செலுத்தப்பட்டது. நோய் பற்றவில்லை. மனிதரில் பெரும்பாலோருக்கு இந்த நோயை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே உண்டு என்று இன்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அன்று அவருக்கு அந்த உறுதி கிடையாது. வீட்டில் இளம் மனைவியும் இரண்டு சிறு பிள்ளைகளும் இருந்தார்கள்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டையும் பெருமையோடு நினைக்கலாம். 1940-களில் சல்போன் மருந்தைத் தொழுநோய்க்குப் பயன்படுத்திப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். செங்கல்பட்டு மருத்துவ நிலையத்தில் நடந்த முயற்சி அது. மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் மீண்டும் இயங்க வைக்கும் முறையை வேலூரில் வளர்த்தவர் டாக்டர் பால் பிராண்ட். மருந்து ஒருபக்கம் உடலை மீட்டது. மனிதனை மீட்கும் வேலை வரோராவில் தொடங்கியது.

பதினான்கு ரூபாய் முதல்

1949-ல் மகாரோகி சேவா சமிதி என்ற அமைப்பை நிறுவினார். வரோராவுக்கு வெளியே ஐம்பது ஏக்கர் நிலம் கிடைத்தது. நிலம் என்றா சொல்வது? கல்லும் முள்ளும் பாம்பும் தேளும் மண்டிய காடு. 1951-ல் அங்கே குடியேறியபோது அவர்களிடம் இருந்தது என்ன? கையில் 14 ரூபாய், ஆறு தொழுநோயாளிகள், ஒரு நொண்டிப் பசு, ஒரு நாய். வினோபா பாவே வந்து தொடங்கி வைத்தார். ஆனந்தவனம் என்று பெயர் வைத்தார்கள். அழுகையைத் தவிர வேறெதையும் அறியாதவர்களின் குடியிருப்புக்கு அந்தப் பெயர்!

முதல் வேலை கிணறு வெட்டுவது. விரல் இழந்த கைகள் கடப்பாரை பிடித்தன. வாரக்கணக்கில் பாறையோடு போராடித் தண்ணீர் கண்டார்கள். பிறகு பயிர் வந்தது. நெசவு, தச்சு, தகர வேலை, செருப்புத் தைப்பது, அச்சுத் தொழில் என்று ஒவ்வொன்றாக வந்தன.

தானம் மனிதனைச் சாய்க்கும், உழைப்பே நிமிர்த்தும் என்பது ஆம்தேயின் உறுதியான கொள்கை. கோயில் வாசலில் தகரக் குவளையோடு உட்கார்ந்திருந்தவனுக்குக் காசு போடுவது சுலபம். அவன் கையில் மண்வெட்டியைக் கொடுத்து, 'நீ விளைவித்ததை உலகம் சாப்பிடும்' என்று சொல்வதற்குத்தான் உண்மையான அன்பு வேண்டும்.

காய்கறி வாங்க மறுத்த ஊர்

ஆனால் உலகம் சாப்பிட மறுத்தது! ஆனந்தவனத்துக் காய்கறியும் பாலும் வரோரா சந்தைக்கு வந்தபோது ஊரார் தொடவில்லை. நோயாளி விளைவித்ததைத் தின்றால் நோய் வரும் என்று பயம். விளைச்சல் இருந்தும் விலை போகவில்லை.

1950-களில் வெளிநாடுகளிலிருந்து தொண்டர் குழு ஒன்று ஆனந்தவனத்தில் கட்டட வேலை செய்ய வந்தது. அவர்கள் அங்கேயே தங்கினார்கள். அங்கே விளைந்ததையே சாப்பிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதைக் கண்ணால் பார்த்த பிறகு ஊராரின் பயம் மெல்லக் கரைந்தது. காய்கறி விற்கத் தொடங்கியது.

பிறகு நடந்ததுதான் விசேஷம். 1960-களில் ஆனந்தவனத்தார் தங்கள் உழைப்பினால் ஒரு கல்லூரி எழுப்பினார்கள். அதில் படிக்க வந்தவர்கள் யார்? நோயில்லாத ஊர்ப் பிள்ளைகள்! தங்கள் கீரைக்கட்டைத் தொட மறுத்த ஊருக்குத் தொழுநோயாளிகள் கல்விச்சாலை கட்டிக் கொடுத்தார்கள். விவசாயக் கல்லூரியும் பார்வையற்றோர் பள்ளியும் பிறகு வந்தன. வாங்கும் கை கொடுக்கும் கையாக மாறியது. மனிதனுக்குக் கிடைக்கக்கூடிய விடுதலையில் இதைவிடப் பெரியது ஏது?

சாதனாவின் பங்கு

இந்தக் கதையில் பெரும்பாலோர் வேகமாகத் தாண்டிப் போகும் ஒரு பெயர் உண்டு. சாதனா தாய். மராத்தியில் 'தாய்' என்றால் அக்கா.

நாகபுரியில் ஆசாரமான வைதிகக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இயற்பெயர் இந்து. ஒரு கல்யாண வீட்டில் எல்லோரும் ஆடிப்பாடிக் கொண்டிருக்க, இந்தப் பெண் மட்டும் ஓசையில்லாமல் ஒதுங்கிப் போய், வயதான வேலைக்காரிக்குத் துணி துவைக்கக் கைகொடுத்ததை ஆம்தே கண்டார். அப்போதே இவர்தான் தமக்கு ஏற்ற துணை என்று தீர்மானித்துவிட்டார். 1946-ல் திருமணம் நடந்தது.

காடு, நோயாளிகள், கைக்குழந்தைப் பருவம் தாண்டாத பிள்ளைகள், ஓலைக் கொட்டகை. தாய் வீட்டில் மடி ஆசாரத்தோடு வளர்ந்தவர் எல்லோருக்கும் ஒரே அடுப்பில் சமைத்தார். கணவருக்கு விருதுகள் வந்தன: 1971-ல் பத்மஸ்ரீ, 1985-ல் மகசேசே விருது, 1986-ல் பத்மவிபூஷண், 1999-ல் காந்தி அமைதிப் பரிசு. கைதட்டல் கணவருக்கு, விடியற்காலைப் பசு கறக்கும் வேலை மனைவிக்கு என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அவர் 'சமிதா' என்ற தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். சமிதா என்றால் வேள்வியில் இடும் சமித்து, அதாவது விறகு. தன்னை விறகு என்று சொல்லிக்கொள்ள எத்தனை பேருக்கு மனம் வரும்? அதைப் பெயராக வைத்து, எழுதி, உலகறியச் செய்யவும் துணிவு வேண்டும்.

நம் வீடுகளிலும் இப்படி ஒருத்தி இருக்கிறாள். ஊரில் மாமியார், மாமனாரைப் பார்த்துக்கொண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் கணவனுக்காகக் காத்திருந்தவள். அல்லது ஒண்டுக் குடித்தனத்தில், நள்ளிரவில் குழாயடியில் குடம் வைத்து வரிசை காத்தவள். 'நான் செய்த தியாகம்' என்று நாம் கணக்குப் படிக்கும்போது அவள் பெயர் அந்தக் கணக்கில் வருகிறதா?

பிள்ளைகள் தேர்ந்த வழி

பெற்றவர் செய்த தியாகத்தைக் காட்டிப் பிள்ளைகளைக் கட்டிப்போடுவது உலக வழக்கம். ஆம்தேயின் மகன்கள் இருவரும் டாக்டர்கள். மூத்தவர் விகாஸ் ஆனந்தவனப் பணியில் ஈடுபட்டார். இளையவர் பிரகாஷ், தம்மைப்போலவே டாக்டரான மனைவி மந்தாகினியோடு காட்டுக்குள் போனார். கட்சிரோலிப் பகுதியில் ஹேமல்கசா என்ற இடம். மாடியா கோண்டு என்னும் பழங்குடி மக்கள் வாழும் அடர்ந்த வனம். 1973 டிசம்பரில் அங்கே பணி தொடங்கியது. சாலை இல்லை, மின்சாரம் இல்லை. ஆரம்பத்தில் நோயாளிகளும் வரவில்லை. புது ஆளைக் கண்டு மக்கள் ஒதுங்கினார்கள். பொறுமையோடு காத்திருந்து அந்த மக்களின் மொழியைக் கற்று, நம்பிக்கையைப் பெற்றார்கள். 2008-ல் இந்தத் தம்பதிக்கு மகசேசே விருது கிடைத்தது.

நாகபுரியில் படித்த டாக்டருக்கு நகரத்தில் தொழில் நடத்த இடம் இல்லாமலா போயிற்று? கடமை என்று சலித்துக்கொண்டு போனவர்கள் கால் நூற்றாண்டுக்கு மேல் காட்டில் தங்க மாட்டார்கள். பிடித்துப் போனவர்களால்தான் அது முடியும்.

குமரியிலிருந்து புறப்பட்ட பயணம்

ஆம்தேக்கு முதுகெலும்பு நோய். பிற்காலத்தில் அவரால் உட்கார முடியாது. ஒன்று நிற்க வேண்டும், இல்லையேல் படுக்க வேண்டும். அந்த உடம்போடு 1985 டிசம்பரில் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீரை நோக்கிப் புறப்பட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்களும் யுவதிகளும் சைக்கிளில் வர, அவர் வண்டியில் படுத்தபடியே கூட வந்தார். வயது 71. மொழியின் பேராலும் மதத்தின் பேராலும் நாடு பிளவுபடக் கூடாது என்று ஊர் ஊராகச் சொன்னார். 'பாரத் ஜோடோ' என்பது அந்தப் பயணத்தின் பெயர். பிழைப்புக்காக மொழி தெரியாத ஊருக்கு வந்த நமக்கு அந்தப் பேச்சின் அருமையைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

1990-ல் ஆனந்தவனத்தை விட்டு, நர்மதை அணைகளால் வீடிழக்கும் மக்களுக்காக அந்த நதிக்கரையில் போய்க் குடியிருந்தார். எண்பதை நெருங்கும் வயதில் மறுபடியும் ஒரு தொடக்கம்!

இன்னும் போகாத பயம்

இன்று தொழுநோய் முற்றிலும் குணமாகும் நோய். 1980-களிலிருந்து கூட்டு மருந்துச் சிகிச்சை வழக்கில் உள்ளது. ஆறு மாதமோ ஓராண்டோ மாத்திரை சாப்பிட்டால் போதும். அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகவே தருகிறார்கள். தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல், அதில் தொட்டால் உணர்ச்சியில்லை என்றால் உடனே காட்ட வேண்டும். தாமதித்தால்தான் கை கால் ஊனம்.

இருந்தும் மறைப்பவர்கள் இருக்கிறார்கள். வேலை போய்விடும், பெண் கொடுக்க மாட்டார்கள், அறையில் உடன் தங்கியிருப்பவர்கள் விரட்டுவார்கள் என்ற பயம். நோயாளிகளை அடைத்து வைக்க வெள்ளையர் காலத்தில் 1898-ல் போட்ட சட்டம் 2016-ல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற விதி 2019-ல்தான் எடுக்கப்பட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து பயத்தை நீக்கவே இத்தனை காலம் என்றால் மனத்திலிருந்து நீக்க எவ்வளவு முயற்சி வேண்டும்!

நம் வீட்டுக் கணக்கு

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். தியாகம் செய்தவனுக்குக் கசப்பு ஏன்?

நாம் தியாகம் என்று சொல்வதில் பாதி, பயம். 'பணம் அனுப்பாவிட்டால் ஊரில் என்ன பேசுவார்கள்? தங்கைக்கு ஐம்பது பவுன் போடாவிட்டால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்?' இந்தப் பயத்துக்காகச் செலவழித்ததை அன்பின் கணக்கில் எழுதிவிடுகிறோம். கணக்கு எப்படி நேராகும்? கசப்பாகத்தான் முடியும்.

இன்னொன்று, கொடுக்கும் விதம். இருபது ஆண்டுகளாகத் தம்பிக்கு மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறோம். அவன் அதையே நம்பி உட்கார்ந்துவிட்டான் என்று குறைபட்டும் கொள்கிறோம். அவன் கையில் ஒரு தொழிலைக் கொடுத்தோமா? கைவிரல் இல்லாதவனை நம்பி ஆம்தே கடப்பாரை கொடுத்தார். கை கால் திடமாக உள்ள தம்பியை நம்ப நமக்கு ஏன் தயக்கம்? அவன் நம்மை நம்பியே இருக்க வேண்டும் என்ற ஆசை நம் மனத்தின் மூலையில் ஒளிந்திருக்கிறதா என்றும் சற்று ஆராய்ந்து பார்க்கலாம். பெற்றுக்கொள்பவனை விடுவிக்காத கொடை, கொடுப்பவனையும் விடுவிப்பதில்லை.

மூன்றாவது, தியாகத்தில் தன்னையே மறந்துவிடுவது. ஆம்தே யாருக்காகவோ தம் வாழ்வை ஒத்திவைக்கவில்லை. ஆனந்தவனம்தான் அவர் வாழ்வு. அங்கேயே சாப்பிட்டார், சிரித்தார், பிள்ளை வளர்த்தார். நாமோ 'ரிட்டயர் ஆனதும் வாழலாம்' என்று வாழ்வைப் பெட்டியில் பூட்டி வைக்கிறோம். எல்லோரும் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. பேட்டைப் பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் குமாஸ்தாவும், ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கும் பையனுக்குத் தொழில் கற்றுக் கொடுக்கும் மேஸ்திரியும் வாழ்வின் பொருளைக் கண்டவர்களே.

பாபா ஆம்தே 2008 பிப்ரவரி 9-ல் ஆனந்தவனத்தில் காலமானார். அவர் உடலை எரிக்கவில்லை. அந்த மண்ணிலேயே புதைத்தார்கள். 2011-ல் சாதனா தாயும் மறைந்தார். அடுத்த முறை டெல்லிப் பாதையில் பயணம் செய்யும்போது வரோரா வந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிப் பாருங்கள். பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் மனைவியிடம், "இத்தனை வருஷத்தில் உனக்கு என்ன ஆசை இருந்தது?" என்று ஒருமுறை கேளுங்கள். பதில் வரச் சற்று நேரமாகலாம். காத்திருங்கள்.